பனிவெளியில் சுமத்திய பழி

பேயும் பூதமும் உலவும் புதினங்களை இலக்கிய மலரில் வைத்துப் பேசுவது தகுமா என அன்பர் சிலர் வினவக்கூடும். அத்தகைய நூல்கள் சிறுவர்க்கும் இரயில் பயணிகளுக்கும் உரியவை என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றி நிற்கின்றது. ஆயினும் அறநூல்கள் எழுப்பாத வினாவைச் சில வேளைகளில் ஓர் அச்சக்கதை எழுப்பிவிடுகின்றது. அமெரிக்க எழுத்தாளர் டான் சிம்மன்ஸ் 2007 இல் வெளியிட்ட ‘தி டெரர்’ என்னும் புதினம் அவ்வகையைச் சார்ந்தது. இறந்துபோன உண்மை மனிதன் ஒருவனின் பெயரை எடுத்து, அவன் செய்ததாக எவ்விதச் சான்றுமில்லாத கொடுமைகளை அவன்மேல் ஏற்றிக் கதை புனைய ஓர் ஆசிரியனுக்கு உரிமை உண்டா? இதுவே அந்நூலைப் படித்து முடித்தபின் நம்மை விட்டு நீங்காத வினா.

கதைக்கு அடிப்படையான வரலாற்றைச் சுருங்கக் கூறுதல் வேண்டும். 1845 மே 19 ஆம் நாள் இங்கிலாந்தின் கிரீன்ஹைத் துறையினின்று ‘எரிபஸ்’, ‘டெரர்’ என்னும் இரு கப்பல்கள் புறப்பட்டன. வட அமெரிக்காவின் தலைமாட்டில் உறைந்து கிடக்கும் கடலூடே கீழை நாடுகளுக்கு ஒரு வழி காண்பது நோக்கம். தலைவர் சர் ஜான் ஃபிராங்க்ளின், 59 வயதினர். ‘டெரர்’ கப்பலின் தலைவர் அயர்லாந்துக்காரரான ஃபிரான்சிஸ் குரோசியர். ‘எரிபஸ்’ கப்பலுக்கு ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ். கிரீன்லாந்திலிருந்து ஐவர் திருப்பி அனுப்பப்பட, எஞ்சியோர் 129 பேர். மூன்றாண்டுக்கான உணவு, நீராவி எஞ்சின், ஆயிரத்துக்கு மேற்பட்ட நூல்கள், பாட்டிசைக்கும் கைப்பெட்டி, அதிகாரிகளுக்கு வெள்ளிக் கரண்டிகள் என எல்லாம் ஏற்றப்பட்டன. அவ்வாண்டு ஜூலையில் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் சில அவர்களைக் கண்டன. அதன்பின் ஐரோப்பியர் எவரும் அவர்களை உயிரோடு கண்டாரில்லை.

அவர்கள் விட்டுச் சென்றவற்றுள் நம் கருத்தை மிகவும் ஈர்ப்பது ஒரு தாள். கிங் வில்லியம் தீவின் கரையில், கற்குவியலுக்குள் ஒரு தகரக் குழாயில் வைத்திருந்து, 1859 மே மாதத்தில் கண்டெடுக்கப்பட்டது. வெள்ளைத்தாள் அன்று; கப்பற்படைத் தலைமை அலுவலகம் அச்சிட்டுக் கொடுத்த படிவம். காண்பவர் இதனை அலுவலகச் செயலாளருக்கு அனுப்பிவைக்க வேண்டுமென ஆறு ஐரோப்பிய மொழிகளில் அதன் அடியில் அச்சிடப்பட்டிருந்தது. அந்நிலத்தில் வழிவழி வாழ்ந்துவந்த மக்களின் மொழி அவ்வாறினுள் இல்லை. அக்கரையில் அதனைக் கண்டெடுக்கக்கூடிய அண்டை அயலார் அவர்கள் மட்டுமே.

அப்படிவத்தில் 1847 மே 28 ஆம் நாள் எழுதிய முதற் குறிப்பு எல்லோரும் நலம் என்கிறது. பனிக்காலம் கழித்த ஆண்டையே அதில் பிழையாக எழுதியுள்ளனர். 1845–46 என்றிருக்க வேண்டியது 1846–47 என்றுள்ளது. பிறிதோரிடத்தில் வைத்த மற்றொரு படியிலும் அதே பிழை. படியெடுப்போர் பிழையையும் சேர்த்தே படியெடுப்பர் என்பதனை எழுத்தர் தொழிலில் இருப்போர் நன்கறிவர். பதினொரு மாதம் கழித்து, 1848 ஏப்ரல் 25 ஆம் நாள், அதே தாளின் ஓரங்களைச் சுற்றி நெருக்கி எழுதிய இரண்டாம் குறிப்பு வேறு செய்தி சொல்கிறது. ஃபிராங்க்ளின் 1847 ஜூன் 11 இல் இறந்தார். அதுவரை இறந்தோர் அதிகாரிகள் 9 பேர், ஏனையோர் 15 பேர். பனியில் சிக்கிய கப்பல்கள் ஏப்ரல் 22 இல் கைவிடப்பட்டன. எஞ்சிய 105 பேரும் மறுநாள் தெற்கே பாக் மீன் ஆற்றை நோக்கிப் புறப்படுவர். எழுதிய கை ஃபிட்ஸ்ஜேம்ஸினுடையது. அந்த 105 பேரில் ஒருவரும் வீடு திரும்பவில்லை.

இவ்வரலாற்றை எடுத்துக்கொண்ட சிம்மன்ஸ், அதனுள் ஒரு பூதத்தை நுழைக்கிறார். வெண்கரடி போன்றும் அதனினும் பன்மடங்கு பெரிதாகவும் உள்ள அது, பனிமேட்டின் பின்னிருந்து வந்து மாலுமிகளை ஒவ்வொருவராகக் கவ்விச் செல்கிறது. ஆசிரியரின் திறமை பெரிது. பல்லும் எலும்பும் குளிரில் நடுங்கும் ஓசை பக்கத்துக்குப் பக்கம் கேட்கிறது. ஆனால் நம்மை அச்சுறுத்தியது பூதம் அன்று. மாந்தர் சிலர் பாரவண்டியை இழுத்துச் செல்லும் காட்சியே அச்சுறுத்தியது. அது கற்பனையும் அன்று. சறுக்குவண்டிமேல் ஏற்றிய படகு ஒன்றினை 1859 இல் தேடிச் சென்றோர் கண்டனர். வண்டியும் படகும் சேர்ந்து சற்றொப்ப 1400 பவுண்டு எடை. அதனுள் இருவர் எலும்புகள், இரு துப்பாக்கிகள், ஐந்து கடிகாரங்கள், பட்டுக் கைக்குட்டைகள், நூல்கள், 26 வெள்ளிக் கரண்டிகளும் முட்கரண்டிகளும், தேயிலை, 40 பவுண்டு சாக்கலேட். இறைச்சியோ பிஸ்கட்டோ இல்லை. வண்டியின் முகமோ கைவிட்ட கப்பல் இருந்த திசையையே நோக்கியிருந்தது.

இதனைப் படித்து நகைப்போர் உண்டு. நாம் நகைக்க மாட்டோம். கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரசில் ஆட்டுக்கல்லைச் சாக்கில் சுற்றி ஏற்றிக்கொண்டு வடக்கே வந்த குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. புது மண்ணுக்குச் செல்வோன் பழைய வீட்டைச் சுமந்து செல்கிறான். ஆனால் முதற் குளிர்காலத்திலேயே அடுத்த வீட்டுப் பஞ்சாபி அம்மையாரிடம் ரஜாயும் கம்பளியும் எங்கு வாங்குவது என்று கேட்டறிந்தோம். அவர்கள் கேட்கவில்லை, கேட்க வேண்டுமென்னும் நினைவும் அவர்களை அனுப்பியோர்க்கு இல்லை. மணிமேகலையில் ஆதிரையின் கணவன் சாதுவன் மரக்கலம் உடைந்து நாகர் மலையில் ஒதுங்குகிறான். ஊனுண்ணும் அந்நாகர் அவனையும் உணவாகக் கொள்ள வருகையில், அவர்கள் மொழியை அறிந்திருந்தமையால் பேசி உயிர் பிழைக்கிறான். சாத்தனார் அக்கதையைப் பாடியது வேறு நோக்கத்துக்காக எனினும், அந்த ஆறுமொழிப் படிவத்தை எண்ணும்போதெல்லாம் சாதுவன் நம் நினைவில் வந்து நிற்கிறான்.

அறம் பற்றிய பகுதிக்கு வருவோம். 1854 ஜனவரியில் கப்பற்படை அலுவலகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. திரும்பாத அனைவரையும் அவ்வாண்டு மார்ச் 31 முதல் இறந்தோராகக் கொண்டு பட்டியலினின்று பெயர் நீக்குவதாக அதில் கண்டது. மார்ச் 31 என்னும் தேதியின் கனம் அலுவலகத்தாருக்குச் சொல்லத் தேவையில்லை. இறந்தோர் எங்கே, எவ்வாறு இறந்தனர் என்பதற்கு அப்பொழுது ஒரு வரிச் செய்தியும் இல்லை. சில மாதங்களில் அச்செய்தியைக் கொணர்ந்தவர் ஜான் ரே என்னும் மருத்துவர். ஹட்சன் விரிகுடாக் கம்பெனியின் பணியாளர். இனுயிட் மக்களிடம் பனிவீடு கட்டவும் வேட்டையாடி உண்ணவும் கற்றுக்கொண்டு, சிறு குழுவுடன் அந்நிலமெங்கும் நடந்தவர். அம்மக்கள் அவரிடம், வெள்ளையர் கூட்டம் ஒன்று படகை இழுத்துக்கொண்டு தெற்கே நடந்ததையும், பின்னர் அவர்தம் உடல்கள் கிடந்ததையும் கூறினர். உடல்களின் நிலையிலிருந்தும் பாத்திரங்களில் இருந்தவற்றினின்றும், கடைசியில் அவர்கள் இறந்த தோழரின் ஊனை உண்டமை தெளிவு என்றும் கூறினர். ஃபிராங்க்ளினின் பதக்கமும் அதிகாரிகளின் வெள்ளிக் கரண்டிகளும் அம்மக்களிடம் இருந்தன. ரே அவற்றை விலைக்கு வாங்கிக்கொண்டு, கேட்டதைக் கேட்டவாறே மேலிடத்துக்கு எழுதினார். 1854 அக்டோபரில் அவ்வறிக்கை நாளிதழில் வெளிவந்தது.

இங்கிலாந்து கொதித்தது. பெரும் புகழ் எழுத்தாளரான சார்லஸ் டிக்கன்ஸ், அவ்வாண்டு டிசம்பரில் தம் ‘ஹவுஸ்ஹோல்டு வேர்ட்ஸ்’ இதழில் அதனை மறுத்து எழுதினார். ஆங்கிலக் கப்பற்படையினர் அச்செயலைச் செய்யவே மாட்டார். நாகரிகமற்றோரின் சொல்லை நம்பலாகாது. அம்மக்களே அவர்களைக் கொன்றிருக்கவும் கூடும் என்பது அவர் வாதத்தின் சாரம். ஏழை எளியவர்க்காகத் தம் பேனாவை ஈந்தவர் அவர். அவர்தம் புதினங்களைப் படித்துக் கண்ணீர் உகுத்தவர்களுள் நாமும் அடங்குவோம். ஆயினும் இவ்விடத்தில் அவர் செய்தது யாது? தம்மவர்மேல் விழக் காத்திருந்த பழியை எடுத்து, தாளும் பேனாவும் அச்சகமும் இல்லாத ஒரு மக்களின் தலைமேல் வைத்தார். அவர்கள் மறுமொழி எழுத முடியாது. மூன்றாண்டு கழித்து, 1857 எழுச்சியின்போது, இந்தியாவில் தாம் தலைமைத் தளபதியாக இருந்தால் இவ்வினத்தையே ஒழிக்கத் தம்மாலியன்றதைச் செய்வதாக ஒரு நண்பருக்கு எழுதினார் அதே டிக்கன்ஸ். பனிவெளியில் தொடங்கிய பழக்கம் வெயில்வெளிக்கும் நீண்டது என்றே நமக்குத் தோன்றுகிறது.

எலும்புகள் பேசப் பல காலமாயிற்று. அத்தீவில் திரட்டிய எலும்புகள் பலவற்றில் கத்திவெட்டுத் தடங்கள் இருந்தமையை 1997 இல் ஆய்வாளர் வெளியிட்டனர். 2024 இல், அத்தகைய தடங்கள் கொண்ட தாடையெலும்பு ஒன்று ஃபிட்ஸ்ஜேம்ஸினுடையது என மரபணுச் சோதனை காட்டியது. படிவத்தின் ஓரத்தில் நெருக்கி எழுதிய அந்தக் கைக்குரியவர்! மேலதிகாரி என்றும் பாராது பசி அவரையும் பங்கிட்டது. கப்பல் மூழ்கிய இடம் பற்றி இனுயிட் மூதாட்டியரும் வேட்டுவரும் வழிவழியாகச் சொல்லி வந்ததும் மெய்யாயிற்று. அவர்கள் குறித்த பகுதியிலேயே 2014 இல் ‘எரிபஸ்’ கண்டுபிடிக்கப்பட்டது. ‘டெரர்’ 2016 இல் கிடைத்தது. அதற்கும் ஓர் இனுயிட் வேட்டுவர் கூறிய தகவலே துணையாயிற்று.

எனில், அந்த மாலுமிகள் இழிந்தோரா? அவ்வாறு நாம் கருதவில்லை. நம் நாட்டு மரபு ஆபத்தருமம் என ஒன்றை வகுத்துள்ளது. பன்னிரண்டாண்டுப் பஞ்சத்தில் விசுவாமித்திர முனிவர் சண்டாளன் குடிசையில் நாயூனைத் திருடி உண்ண முனைந்த கதையைச் சாந்தி பருவம் கூறுகிறது. திருட்டையும் ஊனையும் ஒருங்கே பொறுத்துக்கொள்கிறது. இறந்தவன் உடலை உண்பதற்கும் இதற்கும் தொலைவு உண்டெனலாம். உண்டுதான். ஆனால் உயிரோடிருப்பவனைக் கொல்லாது, இறந்தவனைக் கொண்டு ஓர் இரவு கூடுதலாக வாழ்ந்தவனைக் கணப்பருகே அமர்ந்து தீர்ப்பிடுதல் எளிது. பசியால் செய்ததைப் பழி என்பதற்கு நாம் தயங்குவோம். அதனை மறைப்பதற்காகப் பிறர்மேல் சொன்ன பொய்யைப் பழி என்பதற்குத் தயங்கோம். ரே உண்மையைச் சொன்னார். பரிசுத்தொகை 10,000 பவுண்டு அவருக்கும் அவர் குழுவினர்க்கும் கிடைத்ததேனும், ஏனைய துருவப் பயணிகள் பெற்ற சர் பட்டம் அவருக்குக் கிட்டவில்லை.

இனிப் புதினத்தின் நிலை யாது? பூதத்தை நுழைத்தது குற்றமென நாம் கொள்ளவில்லை. பூதம் எவருக்கும் மகனன்று. அதற்கு ஊரில்லை, பேரேட்டில் பெயரில்லை. அதன்மேல் எத்தனை கொலைகளைச் சுமத்தினாலும் எவர் மானமும் குன்றாது. மேலும், அந்நிலத்து மக்கள் அதன் எல்லையறிந்து வாழ்கின்றனர், அறியாது புகுந்தவரே மடிகின்றனர் என ஆசிரியர் காட்டுவதில் டிக்கன்ஸ் செய்த அநீதிக்கு ஓர் ஈடும் உள்ளது. முடிவில் குரோசியர் அம்மக்களுள் ஒருவராகி விடுவதும் அக்கருத்துக்கு இயைந்ததே.

இடர் வேறிடத்தில் உள்ளது. கார்னீலியஸ் ஹிக்கி என்பான் இப்புதினத்தின் தீயோன். துணையதிகாரி ஒருவரைக் கொல்கிறான், கலகக்கூட்டத்துக்குத் தலைவனாகிறான், உடன்வந்தோரின் ஊனை உண்டு உயிர் வளர்க்கிறான். இவன் கற்பனைப் பெயரினன் அல்லன். ‘டெரர்’ கப்பலின் பேரேட்டில் அப்பெயர் உள்ளது. அயர்லாந்தின் லிமெரிக்கில் பிறந்தவன், வயது 24, மரக்கலத்தின் பலகை இடுக்குகளில் சணற்பஞ்சும் கீலும் திணித்து நீர் கசியாமற் காக்கும் தொழிலில் உதவியாளன். நம் கடற்கரை ஊர்களில் கலப்பற்று என்பரே, அத்தொழில். அவன் கொன்றான் என்றோ கலகம் செய்தான் என்றோ எவ்விடத்தும் ஒரு சொல் இல்லை.

வரலாற்றுப் புதினம் எழுதுவோர் எல்லாரும் இவ்வாறு செய்வதில்லையா எனக் கேட்கலாம். வேறு சான்றைத் தேடி அலைய வேண்டா. நம் வீடுதோறும் பைண்டு செய்து வைத்துள்ள ‘பொன்னியின் செல்வன்’ உண்டு. ஆதித்த கரிகாலனின் கொலையை எழுதுகையில் கல்கி என்ன செய்தார்? சதிகாரனாக இரவிதாசனைக் காட்டினார். அப்பெயர் அவர் புனைந்ததன்று; அக்கொலைக்காக நிலம் பறிக்கப்பட்டோர் பட்டியலில் உடையார்குடிக் கல்வெட்டிலேயே உள்ளது. சதியின் உள்ளே எரியும் வஞ்சத்தை ஏற்ற ஓர் உருவம் தேவைப்பட்டபோது, எந்தக் குலத்தின் மூதாட்டியையும் இழுக்காமல் நந்தினி என்னும் கற்பனைப் பெண்ணைப் படைத்துக்கொண்டார். கல்வெட்டு சொன்னதைக் கல்வெட்டில் உள்ளவன்மேலும், கற்பனையிற் பிறந்ததைக் கற்பனைமேலும் வைத்தார். சிம்மன்ஸும் பேரேட்டில் இல்லாத பெயர் ஒன்றைத் தேர்ந்திருக்கலாம். 129 பேரோடு 130 ஆவதாக ஒருவனைச் சேர்த்தால் பூதமே உலவும் கதையில் எவர் குறைகூறுவர்?

ஹிக்கி ஏன் அகப்பட்டான் என்பதற்கு நமக்குத் தோன்றும் விடை ஒன்றுண்டு. புறப்படுமுன் அதிகாரிகளை நிழற்படம் எடுத்தனர். அவர்தம் முகங்கள் நமக்குத் தெரியும். குரோசியரின் கடிதங்கள் உள்ளன, ஃபிட்ஸ்ஜேம்ஸின் கடிதங்கள் உள்ளன. கலப்பற்றுக்காரனின் உதவியாளனுக்கு முகமில்லை, கடிதமில்லை. முகமில்லாதவன்மேல் எதனையும் வரையலாம். எந்த விசாரணையிலும் குற்றம் என்பது மாடிப்படியில் ஊற்றிய நீரைப்போல் படிப்படியாக இறங்கி, கடைசிப் படியில் நிற்பவனின் காலடியிலேயே தேங்குவதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். வள்ளுவர் புறங்கூறாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். எதிரில் இல்லாதவனைப் பழிப்பதற்கே பத்துக் குறள் என்றால், ஒருபோதும் எதிரில் வர இயலாதவனைப் பழிப்பதற்கு எத்தனை வேண்டும்?

மேற்படியில் தேங்காமற்போன நீரையும் சற்றே நோக்குவோம். பாக் மீன் ஆற்றுப் பயணத்தில் 1833 முதல் 1835 வரை மருத்துவராகச் சென்றுவந்த ரிச்சர்டு கிங் என்பார், 1847 இல் அரசுக்குக் கடிதம் எழுதினார். ஃபிராங்க்ளின் கூட்டத்தார் அவ்வாற்றின் முகப்புறமே வந்து சேரக்கூடும், தம்மை அங்கே அனுப்பினால் உதவி கொண்டு செல்வதாகக் கூறினார். ஏற்கப்படவில்லை. மறுபடியும் எழுதினார், மறுபடியும் ஏற்கப்படவில்லை. கிங் முன்கோபி, மேலோரைச் சீண்டும் வண்ணம் எழுதும் இயல்பினர். கடிதத்தின் தொனி பிடிக்காமற்போய், அதன் பொருளும் சேர்ந்தே கோப்பில் உறங்கியது போலும். 1848 ஏப்ரல் 26 இல் அந்த 105 பேரும் நடக்கத் தொடங்கியது அவ்வாற்றை நோக்கியே. கிங் சென்றிருந்தாலும் அத்தனை பேரையும் காத்திருப்பார் என நாம் சொல்லத் துணியோம். சிறுசிறு குடும்பங்களாகப் பிரிந்து நாய்வண்டியில் அலையும் மக்களுக்கே ஊண் அரிதான நிலம் அது. ஆனால் சிலரையேனும்? தகரப் பெட்டியில் அடைத்த உணவை வழங்கிய ஒப்பந்தக்காரர் கோல்ட்னர்மேல் பின்னாளில் பெரும்பழி விழுந்தது. அவருடைய பெட்டிகள் கப்பற்படைக் கிடங்குகளில் அழுகிக் கிடந்தமையால் 1852 இல் பாராளுமன்றக் குழுவே விசாரித்தது. அப்பெட்டிகளின் ஈயமே மாலுமிகளைக் கொன்றது என 1980களில் பேசினர். பின்வந்த ஆய்வுகள் அத்தனை உறுதியாகச் சொல்லவில்லை. கடிதத்தைத் தள்ளிவைத்த மேசையின்மேல் விழுந்த பழி யாதொன்றும் இல்லை. 1866 இல் இலண்டனில் ஃபிராங்க்ளினுக்குச் சிலை எழுந்தது.

‘தி டெரர்’ 2018 இல் தொலைக்காட்சித் தொடராக வந்தபோது, அதனை ஆக்கியோர் கதையில் ஒரு மாற்றம் செய்தனர். அத்தொடரில் தீமை செய்பவன் ஹிக்கி அல்லன். உண்மை ஹிக்கியைக் கொன்று, அவன் பெயரைப் பூண்டு கப்பலேறிய வேறொருவன். அவனது மெய்ப்பெயர் கடைசிவரை வெளிப்படுவதில்லை. ஒரு மனிதனின் பெயரைத் திருடியவன் என்று அவனைக் காட்டியதால், அந்த லிமெரிக் இளைஞனின் பெயர் அவனுக்கே திரும்பக் கிடைத்தது. புதினத்தில் இடம்பெறாத இச்சிறு நியாயத்துக்காகவே அத்தொடரை நாம் மதிக்கிறோம்.

2019 இல் கனடா நாட்டு ஆய்வாளர் ‘டெரர்’ கப்பலின் உள்ளே சிறு படக்கருவி ஒன்றைச் செலுத்திப் பார்த்தனர். அலமாரிகளில் தட்டுகளும் புட்டிகளும் அடுக்கியவாறே இருந்தன. கேப்டன் அறையில் குரோசியரின் மேசை வண்டல் படிந்து நின்றது. அதன் இழுப்பறைகள் மூடியிருந்தன. கடுங்குளிர் நீரும் வண்டலும் காத்திருப்பதால் உள்ளே தாள்கள் அழியாதிருத்தலும் கூடும் என்றனர் அவர்கள். இருந்தால், அவற்றுள் தண்டனைப் பதிவேடு ஒன்றும் இருக்கலாம். கலப்பற்றுக்காரனின் உதவியாளன் பெயர் அதில் உள்ளதா, இல்லையா என்று பார்க்கவே நாம் விரும்புகிறோம்.